வில்லியம் ராக்ஸ்பர்க்

வில்லியம் ராக்ஸ்பர்க் (1751 – 1815) ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்து, பின்னர் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். இந்தியத் தாவரவியலின் தந்தை என்று அழைக்கப்படுகிறார். சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றி இவர் எழுதிய மூன்று தொகுதிகளும், இந்தியத் தாவர வளம் பற்றிய பெருநூலும் இவருடைய முதன்மையான படைப்புகள் ஆகும்.

தாவரவியலாளராகவே பரவலாக அறியப்பட்டாலும், கங்கை ஆற்றில் வாழும் ஓங்கில் என்னும் டால்பினுக்கு அறிவியல் முறைப்படி விளக்கம் எழுதிய முதல் இருவருள் இவரும் ஒருவர். 1801 ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்விளக்கமே ஆற்று ஓங்கில்கள் பற்றிய ஆய்வு வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ராக்ஸ்பர்க் 1751 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் உள்ள கிரெய்கி என்னும் ஊரகப் பங்கில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை அடையாளம் காண்பதற்காகத் தாவரவியலையும் கற்க வேண்டியிருந்தது. எடின்பரோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஜான் ஹோப், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் வகைப்பாட்டு முறையைப் பிரித்தானியாவில் பரப்பியவர்களுள் முக்கியமானவர். அவரிடம் பயின்றதால், ஓர் உயிரினத்தைப் பார்த்து, அளந்து, இருபெயர் முறையில் பெயரிட்டு விளக்கும் பழக்கம் ராக்ஸ்பர்க்குக்கு இளமையிலேயே கைவந்தது.

கல்வியின் ஊடே கம்பெனிக் கப்பல்களில் அறுவை மருத்துவரின் உதவியாளராகவும் பணியாற்றினார். 1776 ஆம் ஆண்டு சென்னை மருத்துவப் பணியில் துணை அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். 1780 இல் அறுவை மருத்துவராகப் பதவி உயர்வு பெற்றார்.

சென்னையும் நாகூரும்

சென்னைக்கு வந்த நாள் முதலே ராக்ஸ்பர்க் வானிலைப் பதிவுகளை எழுதி வரலானார். நாள்தோறும் பலமுறை காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை, மழை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். புனித ஜார்ஜ் கோட்டையில் எடுத்த இப்பதிவுகளின் ஒரு பகுதி 1778 ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. பின்னர் நாகூரிலும் பணியாற்றினார். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் கடற்கரைப் பகுதியின் தாவரங்களை இவர் நேரில் கண்டறிந்த காலம் இதுவாகும்.

இக்காலத்தில் இவருக்கு அமைந்த முக்கியமான தொடர்பு யோகான் கெர்ஃகார்டு கோனிக் என்பவருடையது. கோனிக் லின்னேயசின் நேரடி மாணவர். தரங்கம்பாடி டேனிய சமயப் பணி நிலையத்தின் மருத்துவராக வந்து, 1778 இல் சென்னை அரசின் இயற்கையியலாளராக அமர்த்தப்பட்டவர். சோழமண்டலக் கடற்கரையில் அறிவியல் முறையிலான தாவரச் சேகரிப்பு தரங்கம்பாடியிலேயே வேரூன்றியது எனலாம். கோனிக் 1785 இல் காலமானார். அவருக்குப் பின் பாட்ரிக் ரசல் அப்பொறுப்பை ஏற்றார். ரசலுக்குப் பின் 1789 ஆம் ஆண்டில் அப்பதவி ராக்ஸ்பர்க்கை வந்தடைந்தது.

சாமல்கோட்டைப் பணி

1781 இல் ராக்ஸ்பர்க், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் காக்கிநாடாவுக்கு அருகில் உள்ள சாமல்கோட்டைக் காவற்படை நிலையத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே ஒரு தோட்டத்தை அமைத்து, காப்பி, இலவங்கப்பட்டை, சாதிக்காய், மிளகு, முசுக்கட்டை, ஈரப்பலா போன்றவற்றை வளர்த்துப் பார்த்தார். கரும்பு சாகுபடி, வெட்பாலை இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்தல், அரக்குப் பூச்சியின் வாழ்க்கை ஆகியவை பற்றி ஆராய்ந்து எழுதினார். இவ்வாராய்ச்சிகளில் பெரும்பாலானவை கம்பெனியின் வணிக நலனை முன்னிட்டுச் செய்யப்பட்டவையே. எனினும் அவற்றின் ஊடே அப்பகுதி உழவர்களின் சாகுபடி முறைகளும் பதிவாயின.

1787 ஆம் ஆண்டு மே மாதம் கோதாவரிக் கழிமுகத்தை ஒரு பெரும் புயல் தாக்கியது. கடல் உட்புகுந்து பல்லாயிரம் மக்கள் மாண்டனர். ராக்ஸ்பர்க்கின் நூல்களும் குறிப்புகளும் சேகரிப்புகளும் அவ்வெள்ளத்தில் அழிந்தன. அதன் பிறகு அவர் தம் பணியைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

பஞ்சமும் வானிலைப் பதிவுகளும்

1789 முதல் சில ஆண்டுகள் பருவமழை தொடர்ந்து பொய்த்ததால் வட சர்க்கார் மாவட்டங்களில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. ராக்ஸ்பர்க் அதை நேரில் கண்டார். இத்தகைய வறட்சி அதற்கு முன் எப்போது ஏற்பட்டது என்பதை அறிய, பித்தாபுரம் அரசரிடமிருந்த பழைய பதிவுகளின் வழியே விசாரித்து, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே போன்ற நீண்ட வறட்சி நிகழ்ந்ததைக் குறித்தார். நெல் பொய்த்தாலும் மக்களுக்கு உணவு கிடைக்கும் வகையில் தென்னை, சவ்வரிசிப் பனை, ஈரப்பலா, வாழை போன்றவற்றை வழியோரங்களிலும் ஊர்ப் பொது நிலங்களிலும் நட வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தார்.

இவருடைய வானிலைக் குறிப்புகள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் புதிய பயன் பெற்றன. சுற்றுச்சூழல் வரலாற்றாளர் ரிச்சர்டு குரோவ் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், 1789 – 1793 காலத்து எல் நீனோ நிகழ்வு உலகளாவியது என்பதை நிறுவ ராக்ஸ்பர்க்கின் பதிவுகளையும் சான்றாகக் கொண்டார்.

சோழமண்டலத் தாவரங்கள்

சாமல்கோட்டையில் இருந்தபோதே ராக்ஸ்பர்க் இந்திய ஓவியர்களை அமர்த்தித் தாவரங்களை இயல்பான அளவில் வரையச் செய்தார். அவ்வோவியங்கள் விளக்கங்களுடன் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அரச கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்சு அவற்றிலிருந்து 300 ஓவியங்களைத் தெரிந்தெடுத்தார். அவை சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. வரைந்த ஓவியர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதியப்படவில்லை என்பது இந்நூலின் குறையாகப் பிற்காலத்தில் சுட்டிக்காட்டப்பட்டது.

தமிழகத்தில் அன்றாடம் காணப்படும் பல மரங்களின் அறிவியல் பெயர்கள் ராக்ஸ்பர்க்கின் விளக்கங்களை அடிப்படையாகக் கொண்டவை. வேங்கை, ஆச்சா, நீர்மருது, உசில், உலக்கைப் பாலை, புரசு, அசோகு ஆகியன அவற்றுள் சில. அசோக மரத்துக்கு ஆசியவியல் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்சின் நினைவாக அவர் பெயரையே முதலில் சூட்டினார். பிற்காலத்தில் அப்பேரினப் பெயர் மாறினாலும், அசோகு என்னும் சிற்றினப் பெயர் நிலைத்தது.

புதுக்கோட்டை மாவட்டம் இத்தாவரங்களைக் காண ஏற்ற இடங்களுள் ஒன்று. சோழமண்டலக் கடற்கரைக்கே சிறப்பாக உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகள் இன்று பெரும்பாலும் அழிந்துவிட்டன. எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்க பகுதி புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயிற்காடுகளாக உள்ளது. அய்யனார் கோயில்களைச் சுற்றி, மரத்தை வெட்டக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டால் இவை காக்கப்பட்டு வந்துள்ளன. உலக்கைப் பாலையும் உசிலும் இவ்வகைக் காடுகளின் அடையாள மரங்களாகும்.

கல்கத்தா தாவரவியல் பூங்கா

கல்கத்தா தாவரவியல் பூங்காவை 1787 இல் நிறுவிய ராபர்ட் கிட் 1793 இல் காலமானார். அவருக்குப் பின் ராக்ஸ்பர்க் அதன் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். ஹூக்ளி ஆற்றின் கரையில் சிப்பூரில் அமைந்த இப்பூங்காவில், அவர் பொறுப்பேற்றபோது சுமார் 300 வகைத் தாவரங்களே இருந்தன. 1814 இல் வில்லியம் கேரி செராம்பூரில் அச்சிட்டு வெளியிட்ட பூங்காத் தாவரப் பட்டியலில் அவ்வெண்ணிக்கை சுமார் 3,500 ஆக உயர்ந்திருந்தது.

தேக்கு நடவு, சணல், சணப்பை முதலிய நார்களின் வலிமையை ஒப்பிடுதல், காட்டுப் பட்டுப்புழுக்களின் வாழ்க்கை ஆகியவற்றையும் இங்கே ஆராய்ந்தார். இலண்டன் கலைக் கழகம் இவருக்கு மூன்று முறை தங்கப் பதக்கம் வழங்கியது. இவருடைய மேற்பார்வையில் இந்திய ஓவியர்கள் வரைந்த 2,500க்கும் மேற்பட்ட தாவர ஓவியங்கள் கல்கத்தாவிலும் இலண்டன் கியூ பூங்காவிலும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

கங்கை ஓங்கில் பற்றிய விளக்கம்

பூங்காவை ஒட்டி ஓடும் ஹூக்ளி, கங்கையின் கிளையாறு ஆகும். மூச்சு விடுவதற்காக நொடிப்பொழுது நீருக்கு மேல் எழுந்து மறையும் ஓங்கில்கள் அதில் வாழ்ந்தன. அவை மூச்சு விடும் ஓசையை ஒட்டி மக்கள் அவற்றைச் சுசு என்று அழைத்தனர். இவ்விலங்கு இந்திய மக்களுக்குப் புதியதன்று. அசோகரின் ஐந்தாம் தூண் கல்வெட்டில் கொல்லலாகாத உயிரினங்களின் பட்டியலில் வரும் ஒரு கங்கை நீர்வாழ் உயிரினம் ஓங்கிலே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். உரோமானிய அறிஞர் பிளினியும் கங்கையில் வாழும் ஓங்கில் போன்ற உயிரினம் ஒன்றைக் குறிப்பிட்டுள்ளார். முகலாயப் பேரரசர் பாபரின் நினைவுக் குறிப்புகளிலும் நீர்ப்பன்றி என்ற பெயரில் இது இடம் பெறுகிறது. ஆனால் உடலமைப்பை அளந்து, பற்களை எண்ணி, பிற ஓங்கில்களுடன் ஒப்பிட்டு எழுதப்பட்ட விளக்கம் 18 ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இல்லை.

ராக்ஸ்பர்க் இவ்விலங்கை ஆராய்ந்து, டெல்ஃபினஸ் கேன்ஜெடிகஸ் என்று பெயரிட்டு, 1801 ஆம் ஆண்டு ஆசியவியல் கழகத்தின் ஆய்வுத் தொகுதியின் ஏழாம் தொகுதியில் கட்டுரையாக வெளியிட்டார். ஆற்றில் வாழும் இவ்வினம் கடல் ஓங்கில்களிலிருந்து வேறுபட்டது என்பதை அதன் நீண்டு ஒடுங்கிய தாடையும் மிகச் சிறிய கண்களும் காட்டின. 1830 இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வாக்லர் இதற்குத் தனிப் பேரினம் அமைத்தார். பிளினி கையாண்ட சொல்லையே எடுத்து, அப்பேரினத்துக்குப் பிளாட்டனிஸ்டா எனப் பெயரிட்டார்.

பெயர் முன்னுரிமைச் சிக்கல்

ராக்ஸ்பர்க்கின் கட்டுரை வெளிவந்த அதே 1801 ஆம் ஆண்டில், ஐன்ரிக் யூலியஸ் லெபெக் என்பவரும் இவ்விலங்கைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரையை பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்க வெளியீட்டில் எழுதினார். வியப்புக்குரிய வகையில் இருவரும் ஒரே பெயரையே சூட்டியிருந்தனர். லெபெக் தரங்கம்பாடியுடன் தொடர்புடையவர். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரை 1798 இல் ஆசியவியல் கழகத் தொகுதியில் வெளிவந்தது. ஆக, கங்கை ஓங்கிலை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இருவருமே சோழமண்டலக் கரையில் வாழ்ந்து பழகியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நீண்ட காலம் ராக்ஸ்பர்க்கின் பெயரே இவ்வினத்தின் விளக்குநராகக் குறிக்கப்பட்டு வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவர் கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டதும், லெபெக்கின் கட்டுரை நூலகங்களில் மறைந்து கிடந்ததும் இதற்குக் காரணங்கள். 2000 ஆம் ஆண்டில் கின்சு என்னும் ஆய்வாளர் இரு வெளியீடுகளையும் ஒப்பிட்டு, முன்னுரிமை லெபெக்குக்கே உரியது என்று வாதிட்டார். அம்முடிவு இப்போது பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. முன்னுரிமை கைமாறினாலும், இவ்விலங்கைத் தம் பணியிடத்தின் அருகிலேயே கண்டு விளக்கியவர் என்ற சிறப்பு ராக்ஸ்பர்க்குக்கு நீடிக்கிறது.

இறுதிக் காலமும் மறைவும்

உடல்நலக் குறைவால் ராக்ஸ்பர்க் 1813 இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். வழியில் செயின்ட் எலினா தீவில் சில காலம் தங்கி அங்குள்ள தாவரங்களையும் பட்டியலிட்டார். 1815 இல் எடின்பரோவில் காலமானார். அங்குள்ள கிரேஃபிரையர்சு கல்லறைத் தோட்டத்தில், தம் மனைவி மேரி பாஸ்வெல்லின் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இவர் மூன்று முறை மணம் புரிந்தவர். மகன்களில் சிலரும் தாவரச் சேகரிப்பில் ஈடுபட்டனர்.

இந்தியத் தாவரங்கள் பற்றிய இவருடைய பெருநூல் இவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. புறப்படும் முன் கையெழுத்துப் படியை வில்லியம் கேரியிடம் ஒப்படைத்திருந்தார். கேரியும் நத்தானியேல் வாலிச்சும் சேர்ந்து 1820, 1824 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளை வெளியிட்டனர். முழு நூலும் 1832 இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இக்காலத் தாழ்ச்சியால், இவர் கண்டறிந்து பெயரிட்டிருந்த பல தாவரங்கள் பிறர் சூட்டிய பெயர்களிலேயே நிலைபெற்றன.

பிற்கால ஓங்கில் ஆய்வுகள்

ராக்ஸ்பர்க்குக்குப் பின் ஆற்று ஓங்கில்களை விரிவாக ஆராய்ந்தவர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளரான ஜான் ஆண்டர்சன் ஆவார். அவர் 1870களின் இறுதியில் வெளியிட்ட நூலில் கங்கை ஓங்கிலின் உடற்கூற்றைப் படங்களுடன் விளக்கினார். ஐராவதி ஓங்கிலையும் அதே நூலில் ஆராய்ந்தார். ஐராவதி ஓங்கில் என்ற பெயர் பர்மிய ஆற்றைக் குறித்தாலும், அவ்வினம் முதலில் விளக்கப்பட்டது விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்த மாதிரியைக் கொண்டேயாகும். சென்னை அரசு அதிகாரி வால்டர் எலியட் அனுப்பிய அம்மாதிரியைக் கொண்டு 1866 இல் ரிச்சர்டு ஓவன் அதை விளக்கினார். ஒடிசாவின் சிலிகா ஏரியில் இவ்வினம் இன்றும் வாழ்கிறது.

கங்கை ஓங்கிலின் கண்ணில் வில்லை இல்லை. கலங்கிய நீரில் ஒளியையும் இருளையும் பிரித்தறிவதற்கு மேல் அக்கண் பயன்படுவதில்லை. தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே இரையையும் வழியையும் அது அறிகிறது. பக்கவாட்டில் சாய்ந்து நீந்தும் இதன் இயல்பு 1969 இல் வெளியான ஆய்வின் மூலம் அறிவியல் உலகுக்குத் தெரிய வந்தது. சிந்து ஆற்று ஓங்கிலும் கங்கை ஓங்கிலும் ஒரே இனமா, வெவ்வேறு இனங்களா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. மண்டையோட்டு அமைப்பையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2021 இல் வெளியான ஆய்வு இவை இரு தனி இனங்கள் என்று முடிவு செய்தது.

பாதுகாப்பு நிலை

ராக்ஸ்பர்க் காலத்தில் கங்கைச் சமவெளி ஆறுகளில் அணைகள் குறுக்கிடவில்லை. இன்று அணைகளும் தடுப்பணைகளும் ஓங்கில்களின் வாழிடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துள்ளன. 1975 இல் இயக்கத்துக்கு வந்த பராக்கா தடுப்பணை இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. மீன் வலைகளில் சிக்கி மூச்சு முட்டி இறத்தல், கோடையில் நீர் வற்றுதல், கழிவு நீர், படகு இயந்திரங்களின் ஓசை ஆகியவை பிற அச்சுறுத்தல்கள். எதிரொலியை நம்பி வாழும் விலங்குக்கு ஓசை மிகுந்த நீர், பார்வையுள்ள விலங்குக்கு இருளைப் போன்றது. படகு ஓசையும் குறைந்த நீர் மட்டமும் சேர்ந்து ஓங்கில்களின் ஆற்றல் செலவை உயர்த்துவதை 2019 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஓங்கில் எண்ணெய் விளக்கெரிக்கவும், வலிக்குத் தடவவும், மீன்களை ஈர்க்கும் இரையாகவும் பயன்பட்டதால் அவை வேட்டையாடப்பட்டன. இதைத் தடுக்க, மீன் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயை மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று பாட்னா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். கே. சின்கா ஆய்ந்து பரிந்துரைத்தார். ஓங்கில் ஆய்வுக்காக இவருக்கு 2016 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவ்வினம் சேர்க்கப்பட்டுள்ளது. பீகாரில் சுல்தான்கஞ்சு முதல் ககல்கான் வரையிலான கங்கைப் பகுதி 1991 இல் விக்கிரமசீலா ஓங்கில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2009 இல் கங்கை ஓங்கில் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்காக ஏற்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு விடுதலை நாளன்று ஓங்கில் திட்டம் அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை அருகிவரும் இனமாக வகைப்படுத்தியுள்ளது.

2021 முதல் 2023 வரை எட்டு மாநிலங்களில் 28 ஆறுகளில் 8,500 கிலோமீட்டருக்கும் மேலாக நடத்தப்பட்ட கணக்கெடுப்பின் அறிக்கை 2025 மார்ச் மாதம் வெளியிடப்பட்டது. அதன்படி இந்தியாவில் 6,327 ஆற்று ஓங்கில்கள் உள்ளன என மதிப்பிடப்பட்டது. இவற்றுள் உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்காளத்தில் 815, அசாமில் 635 இருந்தன. பஞ்சாபின் பியாசு ஆற்றில் சிந்து ஓங்கில்கள் மூன்று மட்டுமே காணப்பட்டன. கண்ணால் எண்ணுவதோடு நீருக்கடியில் ஒலிவாங்கிகளையும் கொண்டு நடத்தப்பட்ட முதல் முழுமையான கணக்கெடுப்பு இது. ஆகையால் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்பதை அடுத்த கணக்கெடுப்புடன் ஒப்பிட்டே கூற இயலும். 2024 திசம்பரில் அசாமில் ஒரு கங்கை ஓங்கிலுக்கு முதன்முறையாகச் செயற்கைக்கோள் குறிகருவி பொருத்தப்பட்டது.

காலம் தாழ்ந்தால் என்ன நேரும் என்பதற்குச் சீனாவின் யாங்சி ஆற்று ஓங்கில் சான்றாகும். 2006 இல் நடத்தப்பட்ட தேடுதலில் ஒன்றுகூடக் கிடைக்காததால், அவ்வினம் நடைமுறையில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் தொடர்புடைய முயற்சிகள்

தமிழ்நாட்டு ஆறுகளில் ஆற்று ஓங்கில்கள் இல்லை. இங்கு அவற்றுக்கு ஒப்பாக அருகிவரும் நீர்வாழ் பாலூட்டி ஆவுளியா எனப்படும் கடற்பசு ஆகும். ஆவுளியாக்கள் கடற்புல்லை உண்டு வாழ்பவை. ஓங்கில்களைப் போலவே அவையும் மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். எனவே வலையில் சிக்கினால் மூச்சடைத்து இறந்துவிடுகின்றன.

தமிழ்நாடு அரசு 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் பாக் விரிகுடாக் கரையில் அமைந்துள்ளன. வலையில் சிக்கும் ஆவுளியாக்களை மீண்டும் கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கிச் சிறப்பித்து வருகிறது. கங்கைக் கரையிலும் சரி, பாக் விரிகுடாவிலும் சரி, இவ்விலங்குகளின் பாதுகாப்பு மீனவர்களின் ஒத்துழைப்பையே பெரிதும் சார்ந்துள்ளது.

மதிப்பீடு

ராக்ஸ்பர்க் கம்பெனியின் ஊழியர் என்ற எல்லைக்குள் நின்று செயல்பட்டவர். எந்தச் செடி சாயம் தரும், எந்த நார் கயிறாகும், எந்த மரம் கப்பலுக்கு உதவும் என்ற கேள்விகளே அவருடைய பணிக்கு நிதியளித்தன. இந்தியர்களின் அறிவையும் உழைப்பையும் கொண்டு உருவான நூல்களில் அவர்களின் பெயர்கள் போதிய அளவு இடம்பெறவில்லை என்ற திறனாய்வும் உள்ளது.

மறுபுறம், ஓர் உயிரினத்தைக் காக்க வேண்டுமானால் அது இன்னதென்று முதலில் வரையறுக்க வேண்டும். சட்டத்தின் அட்டவணையும் கணக்கெடுப்பின் பட்டியலும் அறிவியல் பெயரிலிருந்தே தொடங்குகின்றன. அவ்வகையில் ராக்ஸ்பர்க் எழுதி வைத்த விளக்கங்கள் தாவரங்களுக்கும் ஓங்கிலுக்கும் இன்றளவும் பயன்படுகின்றன. அவர் பணியாற்றிய கல்கத்தா பூங்கா 2009 முதல் ஆச்சார்ய ஜகதீச சந்திர போசு இந்தியத் தாவரவியல் பூங்கா என்னும் பெயரில் இயங்கி வருகிறது.